ஐயா கழுவி வைத்த கிளாஸ்

ரூபன், போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு "பாப்பம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அம்மா பயந்துவிட்டா என்று நினைத்திருப்பாய். பாதி ஆயுள் மிட்வைஃபாக வலிகாமம் முழுக்கச் சைக்கிள் மிதித்தவள் நான். தாய் கிடந்து கத்த, பிள்ளை குறுக்கே கிடந்து அடம்பிடித்த நேரத்திலும் கை நடுங்காதவள். "நீங்கள் வேண்டாம் எண்டால் நான் வாய் திறக்க மாட்டன் அம்மா. தங்கச்சியின்ரை கலியாணம்தான் எனக்கு முக்கியம்" என்று நீ சொன்னாயே, அந்த விட்டுக்கொடுப்புத்தான் என்னைப் பேசவிடாமல் செய்தது. அதற்குத் தொலைபேசியில் பதில் சொல்ல எனக்கு வராது. இடையில் நீ "ம், ம்" என்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு "சாப்பிட்டியோ?" என்று கேட்டு முடித்துவிடுவேன். அதுதான் கொக்குவிலில் முன்விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாக வாசி.

முதலில் நான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று பார். நிறத்தாலோ மதத்தாலோ ஆண் பெண் என்பதாலோ ஒருவரை வேலையில், வீட்டு வாடகையில், கடையில் ஒதுக்கக்கூடாது என்று அமெரிக்காவில் உங்கள் நகரத்தில் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. அந்த வரிசையில் சாதியையும் சேர்ப்பதா என்று நகரசபை கூடிப் பேசப்போகிறது. ஊர்ச்சனம் விரும்பினால் எழுந்து நின்று தங்கள் கருத்தைச் சொல்லலாம். நீ சொல்ல விரும்புகிறாய். ஆனால் சொன்னால் எங்களுடைய ஆட்கள் யார் என்பது அங்கேயுள்ள தமிழர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். கூட்டத்தை எடுக்கிற வீடியோ விமானம் ஏறாமலே இங்கே வந்து சேரும். உன் தங்கச்சி சுகந்தியோடு வேலை செய்கிற நெல்லியடித் தர்சனின் வீட்டில் கலியாணப் பேச்சு தொடங்கியிருக்கிற நேரம். தர்சனுக்கு எல்லாம் தெரியும், சுகந்தி முதல் மாதமே சொல்லிவிட்டாள். தெரியாதது அவனுடைய வீட்டாருக்குத்தான். நீ பேசினால் இந்தப் பேச்சுக் குழம்பலாம். இதுதானே உன் சங்கடம்?

இதற்கு என் பதில் ஒற்றைச் சொல்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் இருக்கிற ஒரு பழக்கத்தின் கதையை நீ அறியவேண்டும். நீ எந்த வீட்டில் தேநீர் குடித்தாலும் எழுந்துபோய், குடித்த கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் இருப்பாய். அமெரிக்கா போன புதிதில் உன் பேராசிரியர் வீட்டில் அப்படிச் செய்தாய் என்றும், அவருடைய மனைவி "உன்னை நல்ல தாய் வளர்த்திருக்கிறா" என்று சொன்னார் என்றும் எனக்குப் பெருமையாகச் சொன்னாய். "அம்மா, உங்கடை பேர் இங்கை நல்லா அடிபடுது" என்றாய். நானும் சிரித்தேன். அந்தப் பழக்கம் எனக்கு என் ஐயாவிடமிருந்து வந்தது. ஐயாவுக்கு அது தேநீர்க்கடை வாசலிலிருந்து வந்தது.

என் ஐயா, உன் அம்மப்பா, கொக்குவிலில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கொட்டிலில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. எல்லாரும் குனிந்து சுருட்டுச் சுற்றும்போது ஒருவர் மட்டும் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். கை புகையிலையில், காது உலகத்தில். பள்ளிக்கூடத்தை எட்டியும் பார்க்காதவர்கள்கூட எந்த நாட்டில் எந்த அரசாங்கம் விழுந்தது என்று வீட்டில் வந்து சொல்வார்கள். அப்படி ஒருநாள் அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள் ஒரு கடைக்குள் போய், வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்த கதிரைகளில் இருந்து கோப்பி கேட்டார்கள் என்ற செய்தியை வாசித்திருக்கிறார்கள். எனக்கு அப்போது விபரம் தெரியாத வயது. ஆனால் பின்னாளில் ஐயா அதை எத்தனையோ தரம் சொல்லக் கேட்டிருக்கிறேன். "அவங்கள் அடிக்கேல்லையாம் பிள்ளை. திருப்பிப் பேசவும் இல்லையாம். கடைக்காரங்கள் கோப்பி குடுக்கமாட்டம் எண்டவங்களாம். இவங்கள் எழும்பாமல் இருந்தவங்களாம். சும்மா இருக்கிறதும் ஒரு வேலைதான் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது" என்பார். என் அம்மா விடமாட்டா. "அமெரிக்காக்காரனுக்கு வேறை வேலை இல்லை. நீங்கள் உங்கடை சுருட்டைச் சுத்துங்கோ" என்பா.

ஐயா சுருட்டையும் சுற்றினார், அந்தச் செய்தியையும் மனதில் சுற்றி வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் எங்களுடைய ஆட்கள் தேநீர்க்கடைக்குள் போக முடியாது. வாசலில் ஆணியில் நசிந்த தகரப் பேணிகள் தொங்கும். அதை எடுத்து நீட்டவேண்டும், எட்ட நின்று ஊற்றுவார்கள், நிலத்தில் குந்தியிருந்து குடிக்கவேண்டும், குடித்த பேணியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். ஒருவரையும் அப்படி ஒதுக்கக்கூடாது என்று நாட்டில் அப்போதே சட்டம் வந்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் கிளாஸ் இருந்தது, கடை வாசலில் பேணிதான் இருந்தது. அறுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணம் முழுக்க ஆட்கள் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் போகத் தொடங்கினார்கள். எங்களோடு மற்றச் சாதிப் பெடியன்கள் சிலரும் சேர்ந்து நின்றார்கள், அதனால் சொந்த வீட்டில் சோறு கிடைக்காமல் போனவர்களும் அவர்களில் உண்டு. அந்த நேரத்தில் ஐயாவும் கூட்டாளிகளும் ஒரு கடைக்குள் போய் வாங்குப் பலகையில் இருந்தார்கள். எந்த ஊர்க் கடை என்று எழுதமாட்டேன், அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்று எங்களோடு நன்றாகப் பழகுகிறார்கள்.

"உங்கடை பேணி வெளியிலை கிடக்கு, எழும்புங்கோடா" என்று முதலாளி கத்தியிருக்கிறார். "எங்கடை காசு உள்ளுக்கைதானே போகுது. நாங்களும் அதோடை வந்தனாங்கள்" என்றாராம் ஐயா. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தில் தண்ணீர் ஐயாவின் இடது தோளில் விழுந்தது. அந்தத் தோளில் தோல் சுருங்கிக் கிடந்ததை நீ பார்த்திருக்கிறாய். சின்னவனாக இருக்கும்போது "அம்மப்பா, இதென்ன?" என்று கேட்டாய். "தேத்தண்ணி ஊத்துப்பட்டது ராசா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் எழும்பாமல் இருந்தார். மறுநாளும் கட்டுப்போட்ட தோளோடு போய் இருந்தார். பிறகு வேறு ஆட்களும் வந்து இருந்தார்கள். கடைசியில் ஒருநாள் முதலாளியே கண்ணாடிக் கிளாஸில் பிளேன்ரீயை ஊற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கின் முன்னால் வைத்தார்.

இனித்தான் கதை இருக்கிறது. ஐயா அந்தத் தேநீரை ஆறுதலாக, ஒரு துளி மிச்சமில்லாமல் குடித்தாராம். குடித்து முடித்ததும் எழுந்தாராம். நேரே பின்பக்கத்துத் தண்ணீர்ப் பீப்பாவடிக்குப் போய், கிளாஸை நன்றாகக் கழுவி, பலகையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாராம். ஒரு கூட்டாளி, "அண்ணை, இதுக்கோ நாங்கள் சுடுதண்ணி வாங்கினது?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வாங்கில் இருந்த எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். ஐயாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். "கால் உள்ளுக்கை போகப் பழகீட்டுது பிள்ளை. கைக்கு இன்னும் சேதி போய்ச் சேரேல்லை" என்று எனக்குச் சொன்னார். சாகும் வரைக்கும் அந்தக் கைக்குச் சேதி போய்ச் சேரவில்லை. என் வீட்டிலேயே, மகள் வீட்டிலேயே, குடித்த கப்பைக் கழுவித்தான் வைத்தார்.

அந்தக் கை எனக்கும் வந்தது. மிட்வைஃப் வேலைக்கு எல்லா வீடும் திறந்திருக்கும் என்று நினைப்பார்கள். பிரசவ அறைக் கதவு திறந்திருக்கும், அது உண்மை. வேலை முடிந்து கைகால் கழுவி வந்து இருந்தால், சில வீடுகளில் நல்ல கப்பில் தேநீர் வரும். சில வீடுகளில் யன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்த பேணியில் வரும். ஆளைப் பார்த்து ஆசாரம், பேணியைப் பார்த்தே நான் யார் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். நான் எல்லா வீட்டிலும், நல்ல கப்போ யன்னல் பேணியோ, ஒருவரும் சொல்வதற்கு முதலே எழுந்து கழுவி வைத்துவிடுவேன். கேட்க முதல் கழுவினால் மானம் என் கையில் இருக்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு. உங்கள் இரண்டு பேருக்கும் அதையே நல்ல பழக்கம் என்று சொல்லிப் பழக்கினேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் கூனிப்போவீர்கள் என்று பயந்தேன். இப்போது நினைத்தால், சொல்லியிருந்தால் நிமிர்ந்திருப்பீர்களோ என்னவோ.

ஆனால் ரூபன், நான் கசப்பை எழுத இதைத் தொடங்கவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களின் நினைவுதான் இந்த வாரம் முழுக்க வந்துகொண்டிருக்கிறது. ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சியில் முட்டிமோதிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு காலையில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. வெளியே எங்கேயோ ஷெல் விழுகிற சத்தம். அந்த நிலையிலும் அந்த வீட்டு மாமியார் ஒழுங்கு தவறாமல் யன்னல் பேணியில் எனக்குத் தேநீர் கொண்டுவந்தா. நான் கை நீட்டினேன். கட்டிலில் சோர்ந்து கிடந்த அந்தப் பெண் தலையைத் தூக்கி, "மாமி, மிஸ்ஸுக்கு என்ரை கப்பிலை ஊத்துங்கோ" என்றாள். "உனக்கென்ன விசரே?" என்று மாமியார் கேட்டா. "என்ரை பிள்ளையை முதல் தொட்டது அவதானே. அப்ப பிள்ளையையும் கொண்டுபோய் யன்னலடியிலை கவிழ்த்து வையுங்கோ" என்றாள் அவள். மாமியார் பேணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனா. கப் வந்தது. பிள்ளை பெற்ற களை தீராத ஒருத்தி எனக்காகச் சண்டை பிடித்தாள். அவளுக்கு நான் நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை, அழுகை வந்துவிடும் என்று பையை மூடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அன்றைக்கும் கப்பைக் கழுவித்தான் வைத்தேன்.

இனி உன் பக்கத்து வீட்டு எர்லீன் அக்காவிடம் வருகிறேன். நான் உன்னோடு வந்து நின்ற அந்த மாதங்களில், நீ வேலைக்குப் போனபிறகு எனக்குப் பேச்சுத்துணை அவர்தான். வந்த புதிதில் அங்கேயுள்ள தமிழர் ஒருவர், பெயர் வேண்டாம், "அன்ரி, அந்தக் கறுப்பு மனுசியோடை கனக்கப் புழங்காதையுங்கோ" என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் எத்தனை யன்னல் பேணியைப் பார்த்தவள்! "தம்பி, நான் ஆரோடை புழங்கிறது எண்டு இவ்வளவு வயசுக்குப் பிறகு நானே பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பின்னேரமே அவருடைய வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் பிரசவ விடுதி ஆங்கிலம். "மூச்சை இழு, முக்கு, நல்லது, இன்னொருக்கால்" என்பதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கதைப்பது? ஆனாலும் கதைத்தோம். தேநீர் தந்தார். குடித்தேன். கை தன்பாட்டில் கப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டது. கழுவி, அவருடைய கப்புகளோடு சேர்க்காமல் தள்ளி ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினேன். அவருடைய முகம் மாறியிருந்தது.

"என்னுடைய கப்பிலே என்ன ஊத்தை கண்டாய்?" என்று கேட்டார். மெல்லத்தான் கேட்டார், ஆனால் பகிடியாகக் கேட்கவில்லை. பிறகுதான் எனக்கு விளங்கச் சொன்னார், அதை என் தமிழில் எழுதுகிறேன். அவருடைய தாய் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் வேலை செய்தவ. அந்த வீட்டுப் பிள்ளைகளை இடுப்பில் வைத்து வளர்த்தவ, மூன்று வேளையும் சமைத்தவ. அவ சமைத்ததை அவர்கள் சாப்பிட்டார்கள். ஆனால் அவ குடிக்கிற கப்பும் சாப்பிடுகிற தட்டும் கழுவுத் தொட்டியின் கீழே, சவுக்காரத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தன. மற்றப் பாத்திரங்களோடு சேராமல் அதைக் கழுவி அங்கேயே கவிழ்த்து வைக்கவேண்டும். நான் கப்பை ஓரமாகக் கவிழ்த்தபோது, தன் வீட்டுக் கப்பையும் நான் அப்படிக் கூடாத கப்பாக நினைத்து ஒதுக்கிவிட்டேன் என்று அவர் எண்ணியிருக்கிறார். ரூபன், என் வாழ்க்கையில் அப்படி ஒரு பிழை விட்டதில்லை. தள்ளி வைக்கப்பட்டவள் பழக்கத்தில் செய்தது, தள்ளி வைக்கப்பட்ட இன்னொருத்தியைச் சுட்டுவிட்டது.

எனக்கு ஆங்கிலம் வரவில்லை. அவருடைய கையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்து, "எனக்கு, எனக்கு, எங்கடை ஆக்களுக்கு" என்று தமிழிலேயே சொன்னேன். பிறகு குந்தியிருந்து காட்டினேன், பேணியை நீட்டிக் காட்டினேன், எட்ட நின்று ஊற்றுவதைக் காட்டினேன், இடது தோளைத் தொட்டு "ஃபாதர், ஹொட் வோட்டர்" என்றேன். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பிறகு தன் தலைமயிரைத் தொட்டுக் காட்டினார். அவர் கல்லூரியில் படிக்கிற காலத்தில் கூட்டாளிகளோடு ஒரு கடைக்குள் போய், இருக்கக்கூடாத கதிரையில் இருந்து கோப்பி கேட்டவராம். தலையில் சீனியைக் கொட்டினார்களாம், தக்காளிச் சோஸை ஊற்றினார்களாம், காதுக்குள் சிகரெட் புகையை ஊதினார்களாம். இவர் எழும்பாமல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாராம். நான் அவருடைய வெள்ளைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்குவில் கொட்டிலில் யாரோ சத்தமாக வாசித்த அந்தச் செய்தி என் முன்னால் கதிரையில் இருந்தது. என் ஐயா முகம் தெரியாமலே கும்பிட்ட பிள்ளைகளில் ஒருத்தி, எனக்குத் தேநீர் ஊற்றித் தந்திருந்தா. அதைக் கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் சொன்னேன். நீ வேலையால் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, "என்னம்மா, நாடகம் பாத்தனீங்களோ?" என்று கேட்டாய். "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஒருநாள் அவர் இன்னொன்றும் சொன்னார். அவர்களுக்கு வாக்குரிமையை உறுதிசெய்து சட்டம் வந்த அந்த வருடங்களில்தான், எங்கள் நாடுகளிலிருந்து ஆட்கள் அங்கே குடியேறுவதற்கும் கதவு திறந்ததாம். அதற்கு முன் எங்களுடையதைப் போன்ற நாடுகளுக்கு ஒரு கைப்பிடி இடம்தான். அதை அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, வானிலையைப் பற்றிச் சொல்வதைப்போலச் சொன்னார். எனக்கு அன்றைக்கு முழுக்க அதே நினைவு. உன்னுடைய படிப்பு, வேலை, நீ வாங்கிய வீடு எல்லாவற்றுக்கும் நான் நல்லூரானுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்குச் சொன்னதில் பிழையில்லை. ஆனால் சீனி கொட்டப்பட்ட அந்தத் தலைகளுக்கும் ஒரு பங்கு போகவேண்டும். அடி வாங்கியவர்கள் ஒரு பக்கம், கதவால் போனவர்கள் நாங்கள். போனபிறகு அதே கதவை இன்னொருவருக்குச் சாத்துவதற்கு அங்கேயுள்ள தமிழர்களே இந்தச் சட்டத்துக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்க்கிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

"இங்கை சாதி எண்டு ஒண்டு இல்லை, ஏன் சட்டம்?" என்று கேட்கிறார்களாம். இல்லை என்றால் உன்னை அந்தப் பொங்கல் ஒன்றுகூடலில் "தம்பி கொக்குவிலிலை எவடம்? எந்தக் கோயிலடி?" என்று சாதியைத் துழாவி ஏன் கேட்டார்கள்? பதில் சொன்னபிறகு கேட்டவர்களின் வீட்டிலிருந்து வருகிற அழைப்பு ஏன் நின்றது? இதை நீ எனக்குப் போன வருடம் சிரித்துக்கொண்டு சொன்னாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு ஐயா சிரித்தது. எழுந்து நிற்கும்போது அதைச் சொல், உனக்கு நடந்ததை மட்டும் சொல். கறுப்பின மக்கள் பட்டதும் நாங்கள் பட்டதும் ஒன்று என்று மட்டும் சொல்லிவிடாதே. அவர்களைக் கப்பலில் கட்டி ஏற்றி, விலைபேசி விற்றார்கள். அவரவர் பட்டது அவரவர்க்கு. ஆனால் தனியாகக் கவிழ்த்து வைக்கிற கப் எப்படியிருக்கும் என்று எங்கள் இரண்டு பகுதிக்கும் தெரியும், அதுபோதும். கோபப்பட்டுக் கதைக்காதே. உனக்குக் கோபம் வந்தால் சொல் திக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

சுகந்தியைப் பற்றி நீ கவலைப்படுகிறாய். நான் அவளிடம் கேட்டேன். முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "அண்ணை கதைக்கட்டும் அம்மா. மறைச்சுக் கட்டின தாலி எப்பவும் கழுத்திலை குத்திக்கொண்டுதான் இருக்கும்" என்றாள். காயை வெட்டி முடித்துவிட்டு, "தர்சன் வீட்டுக்கு ஆராவது சொல்லத்தானே வேணும். வீடியோவிலை பாத்து அறியிறது சரியில்லை" என்றாள். அது சரியான பேச்சு. அதனால் வியாழக்கிழமை நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி நெல்லியடிக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். கூட யாரையும் கூட்டிப்போனால் அவர்கள் சுற்றிவளைத்துக் கதைப்பார்கள்.

தர்சனின் தகப்பனும் தாயும் மரியாதையாகத்தான் வரவேற்றார்கள். தர்சன் வாசலடியில் நின்றான். "நான் சுகந்தியின்ரை அம்மா. கலியாணப் பேச்சைத் தொடர முதல் நாங்கள் ஆரெண்டு என்ரை வாயாலை சொல்லிப்போட்டுப் போக வந்தனான்" என்று தொடங்கினேன். எங்கள் ஆட்கள் யார், ஐயா என்ன செய்தவர், எந்தக் கோயிலடி, எல்லாம் சொன்னேன். நீ அமெரிக்காவில் எழுந்து பேசப்போவதையும் சொன்னேன். "நாளைக்கு ஆரும் வந்து உங்களுக்கு ரகசியம் சொல்லுறமாதிரி வைக்கக்கூடாது. அவ்வளவுதான்" என்றேன். தகப்பன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் எழுந்து உள்ளே போனா. வெகுநேரம் வரவில்லை. எழுந்து போய்விடுவோமா என்று யோசித்தேன். ஐயாவின் தோள் நினைவுக்கு வந்தது. இருந்தேன். சும்மா இருக்கிறதும் ஒரு வேலைதான் என்று அந்த விறாந்தையில்தான் எனக்கும் விளங்கியது.

தாய் தட்டத்தில் தேநீர் கொண்டுவந்தா. பூப்போட்ட கப்புகள், எல்லாம் ஒரேமாதிரி. எனக்கொன்று, அவர்களுக்கொன்று. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "குடியுங்கோ" என்று மட்டும் சொன்னா. குடித்தேன், இஞ்சி போட்டிருந்தா, நன்றாகத்தான் இருந்தது. கடைசி மிடறு இறங்கியதும் கை கப்பை இறுக்கிப் பிடித்தது. கண் தன்பாட்டில் குழாய் எங்கே என்று தேடத் தொடங்கியது. கால் பாதி எழும்பிவிட்டது. எர்லீன் அக்காவின் வீட்டில் அத்தனை மாதத்தில் ஒருநாள்கூட என்னால் கழுவாமல் வரமுடியவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவார், அவர் திரும்புகிற நேரம் பார்த்து ஓடிப்போய்க் கழுவிவிடுவேன். நான் ஊருக்கு வெளிக்கிட்ட அன்றைக்கு, "எப்போதாவது ஒரு கப்பை வைத்துவிட்டு வந்தால் எனக்குச் சொல்லி அனுப்பு" என்றார். அது என் காதில் கேட்டது. எழும்பிய காலோடு திரும்ப இருந்தேன். கப்பை அந்த மேசையில், மற்றக் கப்புகளுக்குப் பக்கத்தில், அடியில் தேயிலைத்தூள் கிடக்க அப்படியே வைத்தேன். "சரி, வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதை யார் கழுவினார்கள், எங்கே வைத்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வல்லை வெளி வரும்வரைக்கும் மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒருமாதிரிப் பார்த்தா.

அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. தர்சன் வருவான் என்று சுகந்தி நம்புகிறாள். நானும் நம்ப விரும்புகிறேன். வராவிட்டால் அழுவாள், நானும் அழுவேன், அதற்காக நீ வாயை மூடியிருந்தால் அது எங்கள் மூன்று பேருக்கும் காலம் முழுக்கக் கிடந்து அரிக்கும். என்னிடம் கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தாயே, அதற்கு நன்றி ராசா. ஒருவரையும் கேட்காமலே கடைக்குள் போய் இருந்த ஐயாவுக்கும், கட்டிலில் கிடந்து சண்டை பிடித்த அந்தப் பெண்ணுக்கும், சீனி கொட்டியும் எழும்பாத தலைகளுக்கும் நான் சொல்லாமல் விட்ட நன்றியை நீ எழுந்து நின்று சொன்னால் எனக்குப் போதும். நீ பேசத்தான் வேண்டும். என் பதில்: கதை.

எர்லீன் அக்காவும் மண்டபத்துக்கு வருகிறா என்று சொன்னாய். அவருக்குப் பக்கத்தில் இரு. உன் பெயரைக் கூப்பிட்டு, நீ எழும்பப்போகிற நேரம், அவருடைய காதில் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போ: அம்மா நெல்லியடியில் ஒரு கப்பைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்துவிட்டா.